கீழ் டிவிஷனில் விளக்கு எரியவில்லை

ஜெசிந்தாவுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் சரவணம்பட்டியில் ஏறி காந்திபுரம் வரைக்கும் உட்கார்ந்தே போவது மற்ற வாரங்களில் ஒரு சின்னக் கொண்டாட்டம். இன்றைக்கு உட்கார்ந்ததே அவளுக்கு உறைக்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்தாள். ஏழாவது தடவையாக அந்தப் பெண்குரல், நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்று, கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் சொன்னது. வெளியே என்றால் எங்கே. காட்டுக்குள் இருக்கலாம். ஓடைப் பக்கம் இருக்கலாம். அந்த மலையில் சிக்னல் இல்லாத இடம்தான் முக்கால்வாசி. ஆஸ்பத்திரியில் இருக்கலாம். ஏன் ஆஸ்பத்திரி என்று வருகிறது, காட்டுக்குள் என்றே நினைக்கக் கூடாதா, சுடலைமணி யானைக் காவலர், காட்டோரம் நடப்பதுதானே அவர் வேலை. கல்லேரி எஸ்டேட்டில் யானையைக் கண்டால் அவர் போனில் ஒரு பொத்தானை அமுக்குவார். அந்த இடத்துக் கம்பத்தில் சிவப்பு லைட் எரியும், அங்கே தொழிலாளர் லைன் வீடுகளில் குடியிருக்கிற எல்லார் போனுக்கும் சேதி போகும். பொத்தானுக்கும் லைட்டுக்கும் நடுவில் இருப்பது ஜெசிந்தா எழுதிய நிரல். நேற்று, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு, கீழ் டிவிஷனில் அவர் அமுக்கியிருக்கிறார். மூன்று யானை, ஒரு குட்டி. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மறுபடி. ஐந்து ஐம்பத்தேழுக்கு மறுபடி. ஒருத்தர் ஒரே பொத்தானை மூன்று தடவை எதற்கு அமுக்குவார். காலையில் ஆபீஸில் அந்த மூன்று வரிகளைப் பார்த்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது, பொறுமையில்லாத மனுஷன் என்று. பிறகுதான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். அனுப்பிய சேதிகள்: பூஜ்யம். அறுபத்திரண்டு வீடு, பூஜ்யம் சேதி. விளக்கு எரியவில்லை. எரியாததால்தான் அவர் மறுபடி மறுபடி அமுக்கியிருக்கிறார். இருட்டுகிற நேரம், கார்த்திகை மாதம், மூடுபனி இறங்கினால் மலையில் ஐந்தரைக்கே முகம் தெரியாது. அவர் கட்டைவிரல் பொத்தானில். கம்பத்தில் ஒன்றுமில்லை.

ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால் போதுமே. திரையில் சிவப்பாக ஒரு வரி, அழைத்த செயல் இங்கே இல்லை என்று ஒரு முணுமுணுப்பு, எதுவாவது. வரவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றே நிரல் சொல்லிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாக பிஎச்பியில் எழுதுகிறாள், அந்த மொழியின் இந்தக் கோணல் அவளுக்குத் தெரியாததில்லை. அதில் ஒரு பொருளுக்கு இரண்டு அலமாரி. ஒன்றில் அது வைத்திருப்பவை, இன்னொன்றில் அது செய்யத் தெரிந்தவை. வைத்திருக்கிற அலமாரியில் ஒரு வேலையையே மடித்து வைக்கலாம், தப்பில்லை. விளக்கேற்றும் வேலையை அலர்ட் என்ற பெயரில் அவள் அங்கேதான் மடித்து வைத்திருந்தாள். ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மொழி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது, செய்யத் தெரிந்த அலமாரியில் மட்டும்தான் தேடும். அங்கே இல்லையென்றால் கைவிரிக்கும். கைவிரிக்காமல் இருக்கத்தான் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள், அங்கே இல்லாவிட்டால் இங்கே எடுத்துக்கொள் என்று. எஸ்டேட்டின் எட்டு டிவிஷனும் அப்படித்தான் இரண்டு வருஷம் ஓடியது. வியாழக்கிழமை கீழ் டிவிஷன்காரர்கள் மட்டும் மாதக் கணக்குக்கு ஒரு அறிக்கை கேட்டார்கள், மொத்தம் எத்தனை தடவை அலர்ட் கொடுத்தோம் என்று. அதற்கு ஒரு செயல் எழுதினாள். அதற்கும் அலர்ட் என்றே பெயர் வைத்தாள். எப்படி வைத்தாள், ஏன் வைத்தாள், அம்மா அப்போது கூப்பிட்டு கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, ஓடிபி வந்ததா என்று கேட்டாள், ஓடிபி சொல்லிவிட்டுத் திரும்பியபோது விரல் அந்தப் பெயரை அடித்துவிட்டது. அவ்வளவுதான். அதற்கப்புறம் கீழ் டிவிஷனில் அலர்ட் என்று கூப்பிட்டால் விளக்கேற்றுகிறவன் எழுந்திருக்க மாட்டான், கணக்கெழுதுகிறவன்தான் எழுந்து வருவான், ஒரு வரி எழுதுவான், ஆயிற்று என்பான். தூத்துக்குடியில் அம்மாவை மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நடந்ததே, அது மாதிரி. மூச்சு முட்டுகிறது என்று அம்மா "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். நர்ஸும் சிஸ்டர், கன்னியாஸ்திரியும் சிஸ்டர். வந்தது கன்னியாஸ்திரி. நெற்றியில் சிலுவை போட்டு, கண்ணை மூடி, ஒரு அருள்நிறை மரியே ஜெபத்தை முழுசாகச் சொல்லி, "பயப்படாதீங்கம்மா, ஆண்டவர் இருக்கார்" என்று தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்கள். கூப்பிட்டதற்கு ஆள் வந்தாயிற்று, பிறகு யாரைக் குறை சொல்வது. ஆக்சிஜன் வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிழைத்ததால் சிரிக்கிறாள். பிழைக்காவிட்டால் அது சிரிக்கிற கதையாக இருந்திருக்காது. இன்றைக்குக் காலையில் ஜெசிந்தா பதினொரு நிமிஷத்தில் சரி செய்துவிட்டாள், புதுச் செயலுக்கு வேறு பெயர், விளக்கைக் கூப்பிடும் இடத்தில் ஒரு ஜோடி அடைப்புக்குறி, அதைப் போட்டால் மொழி வைத்திருக்கிற அலமாரிக்கே போகும். பதினொரு நிமிஷம். வியாழன் மாலையிலிருந்து சனி காலை வரைக்கும் எத்தனை பதினொரு நிமிஷம்.

பஸ் கணபதி சிக்னலில் நின்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் மடியில் ஒரு பை நிறையப் பசலைக்கீரை வைத்திருந்தார், அதன் ஈரம் ஜெசிந்தாவின் முழங்கையில் பட்டது, குளிர்ந்தது. அந்தக் குளிர் எஸ்டேட்டின் குளிர். கம்பம் நடும்போது அவளும் மேலே போயிருந்தாள். இருபத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தாள். சுடலைமணி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார், "மோந்து பாத்துக்கிட்டே வாங்க மேடம், இன்னும் பதினேழுதான்" என்றார். கீழ் டிவிஷனில் கடைசி வீட்டு ரஞ்சிதம் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். கறுத்து மெலிந்தவள், தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறை. கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "ஏக்கா, அப்ப இந்த லைட்டு எரியலைன்னா தைரியமா வெளிய வரலாமா?" ஜெசிந்தா என்ன சொன்னாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூட்டில் உள்ளங்கை இதமாக இருக்க, சிரித்துக்கொண்டே, "தாராளமா வரலாம்" என்றாள். தாராளமா. எவ்வளவு பெரிய வார்த்தை அது. யாரும் அவளை அந்த வார்த்தை சொல்லச் சொல்லவில்லை. குழாய் வெளியே இருந்தது, கக்கூஸ் வெளியே இருந்தது, கோழிக்கூடு வெளியே இருந்தது. எஸ்டேட் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும், நேற்றுச் சாயங்காலம் ஏதாவது ஆயிற்றா என்று. நம்பர் இருக்கிறது. லேண்ட்லைன், மணி அடிக்கும், யாராவது எடுப்பார்கள். எடுத்தால் ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். அதனால்தான் அந்த நம்பரைத் தொடவில்லை, சிக்னல் கிடைக்காத மனுஷனையே ஏழு தடவை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தனக்கு இது தெரிகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. செய்தியில் தேடினாள், யானை தாக்கி என்று அடித்தாள், பழைய செய்திகளாக வந்து விழுந்தன, வேறு ஊர், வேறு வருஷம், ஒவ்வொன்றிலும் முதலில் தேதியைத்தான் பார்த்தாள். கெட்ட சேதி என்றால் இதற்குள் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். கூப்பிட நேரமில்லாமலும் இருப்பார்கள். மலைச் சேதி கீழே இறங்க நேரமாகும். பிரேதப் பரிசோதனை முடிந்து, இல்லை, அந்த வார்த்தையை நினைக்கக் கூடாது, கீரையைப் பார், இந்த அம்மாள் பசலைக்கீரையை என்ன விலைக்கு வாங்கியிருப்பார்.

கையில் போன் துடித்தது. சுடலைமணி. பெயரைப் பார்த்ததும் எடுக்கக் கை வரவில்லை, நாலாவது துடிப்பில்தான் எடுத்தாள். "மேடம், ஏழு தடவ கூப்பிட்டிருக்கீங்க. என்னாச்சு?" குரல் சாதாரணமாக இருந்தது. சாதாரணமான குரலிலும் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். "நேத்துச் சாயங்காலம் கீழ் டிவிஷன்ல யானை வந்துச்சே, யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" "யாருக்கு மேடம்? ஆளே இல்லையே அங்க!" சிரித்தார். "பரிமளத்தக்கா மவளுக்குச் சடங்கு. மொத்த லைனும் மேல் டிவிஷன் ஹால்ல பிரியாணிக்கு உக்காந்திருந்துச்சு. இதுங்க மூணும் குட்டியோட வந்து சத்துணவுக் கூடத்து ஜன்னலப் பேத்து அரிசிய அள்ளித் தின்னுட்டு, எட்டு மணிக்கெல்லாம் ஓடைப் பக்கம் எறங்கிருச்சு. சனம் ஒம்பதுக்குத்தான் வந்துச்சு." ஜெசிந்தா கண்ணை மூடினாள். ஆளே இல்லை. "ரஞ்சிதம் மட்டும் காச்சல்னு வீட்ல கெடந்திருக்கு," என்றார் அவர். கண் திறந்துகொண்டது. "லைட்டு எரியல பாருங்க, அது பாட்டுக்குக் குடத்தத் தூக்கிக்கிட்டுக் கொழாயடிக்கு வந்திருச்சு. முன்னால பாறை கணக்கா நிக்குதாம். இங்க ஏது பாறைன்னு பாத்தா காது அசையுது. குடத்த அப்பிடியே வச்சிட்டு, சத்தம் போடாம, பின்னாடியே நடந்து வீட்டுக்குள்ள போயித் தாப்பாப் போட்டிருச்சு. கெட்டிக்காரி மேடம். குடத்தத்தான் யான அப்பளமா மிதிச்சு வச்சிருக்கு." "ரஞ்சிதத்துக்கு?" "ஒண்ணுமில்ல மேடம். காலைல வேலைக்கே போயிட்டு வந்துருச்சு, இன்னைக்கு அர நாள்தான. அந்தக் குடத்த எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரியுது." ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லை மேடம். பிறகு அவர் வேறொன்றும் சொன்னார், இழுத்தாற்போல: "என்னையத்தான் ஆபீஸ்ல ஏசிட்டாங்க, யானயக் கண்டும் நீ அமுக்கலன்னு. நான் மூணு தடவ அமுக்குனேன்னேன். அப்பறம் பல்பு போயிருக்கும்னு எலக்ட்ரீசியனக் கூட்டியாந்து பல்ப மாத்திட்டாங்க. அப்ப சேதியும் ஏன் வரலன்னு கேட்டா, நீ அமுக்கியிருக்க மாட்டேங்கிறாங்க..." அதோடு சிக்னல் போய்விட்டது.

முதலில் வந்தது பசி. காலையில் ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள், இப்போது ஒரு தட்டு பிரியாணியை, அந்த மேல் டிவிஷன் ஹாலில், வாழையிலையில், அத்தனை சனத்துக்கும் நடுவில் உட்கார்ந்து தின்ன வேண்டும் போலிருந்தது. பிறகு கால்கள் வந்தன, இத்தனை நேரம் செருப்புக்குள் விரல்களை மடக்கியே வைத்திருந்திருக்கிறாள், ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிறகு ஜன்னலுக்கு வெளியே ஊர் வந்தது, டயர் கடை, ஜவுளிக்கடை, ஸ்கூட்டரில் முன்னால் ஒரு நாய்க்குட்டியை நிறுத்திக்கொண்டு போகிற ஒருவர், எல்லாம் இப்போதுதான் கழுவித் துடைத்து வைத்த மாதிரி. பரிமளத்தின் மகளே, நீ நன்றாக இருக்க வேண்டும், நேற்றைக்கு உனக்குச் சடங்கு வைக்க நாள் பார்த்துக் கொடுத்தவர் நன்றாக இருக்க வேண்டும். தான் அழுகிறோம் என்பது பக்கத்து அம்மாள் கேட்டபோதுதான் தெரிந்தது. "என்னாச்சுங்க கண்ணு? கெட்ட சேதிங்களா?" "இல்லைங்கம்மா. நல்ல சேதி." "நல்ல சேதிக்கா இப்படி அழுவறீங்க?" என்று அந்த அம்மாள் நம்பாமல் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முந்தானை நுனியை நீட்டினார். ஜெசிந்தா சிரித்துவிட்டு தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். முடிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. நிரல் சரியாகிவிட்டது, பல்பு மாற்றிவிட்டார்கள், இனி அமுக்கினால் எரியும், எரிந்தால் பல்பினால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். எவ்வளவு சுத்தமாக முடிந்துவிட்டது. ஒருவரும் கேட்கப் போவதில்லை. இந்த நினைப்பு வந்த வேகத்தில் ஒரு சந்தோஷமும் வந்தது, அந்தச் சந்தோஷம் சரியில்லை என்று அவளுக்கு உடனே பட்டது, செருப்புக்குள் ஒரு சின்னக் கல். நீ அமுக்கியிருக்க மாட்டே. அப்படிச் சொன்னது யாராக இருக்கும், அந்த ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார், அவராக இருக்கும். சுடலைமணி அவர் முன்னால் நின்றிருப்பார். மூன்று தடவை என்று விரலைக் காட்டியிருப்பார். யாரும் நம்பவில்லை. அந்த மூன்று தடவைக்கும் உலகத்தில் ஒரே ஒரு சாட்சி, நிமிஷக் கணக்கோடு, கணக்கெழுதுகிறவன் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறான், அது அவளிடம் இருக்கிறது. ஐந்து ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தேழு. ஐம்பத்தேழுக்கு அவர் எங்கே நின்றிருப்பார். யானைக்கும் வீடுகளுக்கும் நடுவிலா. அதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ரவீந்திரன் சார் என்ன சொல்வார். கம்பெனியே அவருடையது, எட்டுப் பேர், நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்த மாட்டார், உயர்த்தாமலே "ஏன் ஜெசிந்தா, சொல்லித்தான் ஆகணுமா, சரி பண்ணியாச்சுல்ல" என்பார். அது அவர் குரலா தன் குரலா என்று தெரியவில்லை, அவர் அப்படிச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை, இருந்தும் மூக்கைச் சொறிந்துகொண்டே சொல்வது வரை அப்படியே தெரிகிறது. எஸ்டேட்காரர்கள் ஒப்பந்தத்தை முறித்து நம்மை விட்டுவிடலாம். விடமாட்டார்கள். விடலாம். இன்னும் ஏழு டிவிஷன் இருக்கிறது. ரஞ்சிதத்துக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், அந்தக்கா சாயா குடித்துவிட்டுச் சொன்னாளே என்று நினைப்பாளா, நினைக்கட்டும். அவள் விளக்கைப் பார்த்தாள், எரியவில்லை என்று பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுத்தாள். அவள் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. சுடலைமணி செய்ததிலும் இல்லை. பல்பிலும் இல்லை, பாவம், நல்ல பல்பைக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஜெசிந்தா போனில் எழுத ஆரம்பித்தாள். வணக்கம் என்று அடித்தாள். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று அடித்தாள், அதைப் பார்த்தாள், அது யாரோ தெருவில் போகிறவர் செய்தது போலிருந்தது, அழித்தாள். வியாழக்கிழமை மாலை நான் செய்த ஒரு மாற்றத்தில் தவறு நேர்ந்துவிட்டது என்று அடித்தாள். தவறு நேர்ந்துவிட்டது. தானாக நேர்ந்ததா. நான் தவறு செய்துவிட்டேன். காவலர் சுடலைமணி நேற்று மூன்று முறை எச்சரிக்கை கொடுத்தார், நேரம் கீழே உள்ளது, மூன்றும் எங்களுக்கு வந்து சேர்ந்தன. விளக்கு எரியாததற்கும் சேதி போகாததற்கும் காரணம் என் நிரல். இன்று காலை சரிசெய்துவிட்டேன், மற்ற ஏழு இடங்களையும் பார்த்துவிட்டேன், அங்கே இந்தத் தவறு இல்லை. எஸ்டேட் மேனேஜருக்கு, ரவீந்திரன் சாருக்கு. பஸ் பள்ளத்தில் ஏறி இறங்கியது, விரல் தானாக அனுப்பு என்பதில் பட்டுவிட்டது என்று பின்னால் சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது. அப்படி இல்லை. பள்ளம் தாண்டி, பஸ் நேராக ஓடும்போதுதான் அமுக்கினாள்.

எட்டாவது தடவை சுடலைமணியைக் கூப்பிட்டபோது மணி அடித்தது. "சொல்லுங்க மேடம், கீழ் டிவிஷன் ரேஷன் கடை மேட்டுல நிக்கிறேன், இங்க டவர் எடுக்கும்." "சுடலைமணியண்ணே, பல்பு இல்ல. நான்தான்." அந்தப் பக்கம் காற்றடிக்கிற சத்தம். "நான் எழுதுனதுல தப்பு. நீங்க அமுக்குனது வந்துச்சு, மூணு தடவையும். அஞ்சு அம்பது, அம்பத்திரெண்டு, அம்பத்தேழு. இப்பதான் மேனேஜருக்கு எழுதிப் போட்டேன்." ஏசுவார், ஏசட்டும், ஏசினால் நல்லது. "அப்ப நான் அமுக்குனது வந்துச்சு," என்றார் மெதுவாக. "வந்துச்சுண்ணே." "அப்பாடா," என்றார். "ராத்திரி பூரா யோசிச்சேன் மேடம். ஒருவேளை நாந்தான் பதட்டத்துல வேற எதையாவது அமுக்கிட்டேனோ, வயசாகிருச்சோன்னு. வீட்ல கூடச் சொல்லல. எம் பொண்டாட்டி கேட்டதுக்குத் தல வலின்னுட்டேன்." ஜெசிந்தாவுக்கு இது தோன்றவே இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு இரவு முழுக்க அவர் இதைச் சுமந்திருக்கிறார், அவள் சுமந்தது வெறும் ஒரு காலைப்பொழுது. "மன்னிச்சிருங்கண்ணே," என்றாள். "அட விடுங்க மேடம், ரஞ்சிதத்துக்கு ஒரு குடம் வாங்கிக் குடுத்துருங்க, அது போதும். இப்ப எரியுமா?" "எரியணும்." "எரியணும்னா? பாத்துருவோம் மேடம். அமுக்கட்டா?" அவள் யோசித்தாள். "எல்லார் போனுக்கும் சேதி போயிரும்ணே. பயந்துருவாங்க." "போகட்டுமே. பட்டப்பகல்தான. நான் இங்க நின்னு கத்திச் சொல்லிடுறேன்." பஸ் காந்திபுரத்துக்குள் திரும்பியது, கண்டக்டர் கம்பியில் தட்டினார், பசலைக்கீரை அம்மாள் எழுந்து நின்றார். ஜெசிந்தா இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். "அமுக்கிட்டேன்," என்றார் அவர். பிறகு, "எரியுது! மேடம், எரியுது!" அவர் குரலுக்குப் பின்னால், மலைமேல், ஒரு கதவு படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது, அடுத்து இன்னொன்று, யாரோ ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி உள்ளே இழுத்தார்கள், கோழிகள் கத்தின, ஒரு ஜன்னல், ஒரு கதவு, வரிசையாக லைன் முழுக்கக் கதவுகள். சுடலைமணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, சிரித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்: "சும்மாத்தான்! ஏ ரஞ்சிதம், சும்மாத்தான்! வெளிய வா!"